75/15 கண்ட்ரோலருக்கு எவ்வளவு பேனல் போடலாம்? ஜூலையில் குரூகர் போறோம், கூடவே இன்சுலின்

டோங்காட்_மருமகள்
மே 24, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வடக்கே டோங்காட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகுது. இந்த வீட்டுல வருஷத்துக்கு ஒரு தடவையாவது டெண்ட் போட்டுத் தங்கியாகணும். மாமனார் சின்ன வயசுலேர்ந்து விடாம செய்துட்டு வர்றார். இதுவரைக்கும் கரண்ட் இருக்குற கேம்பாப் பார்த்துத்தான் போயிருக்கோம். இந்தத் தடவை ஜூலை ஸ்கூல் லீவுல அஞ்சு ராத்திரி குரூகர் வனவிலங்குப் பார்க், ட்செண்ட்சே கேம்ப். மோபானி கேம்புக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கு. அங்க டெண்ட் போடுற இடத்துல பிளக் பாயிண்டே கிடையாது. குளிக்க வெந்நீர் கேஸ்ல வருது, அதோட சரி.

என் கவலை ஃப்ரிட்ஜ். மாமியாருக்குச் சர்க்கரை, தினமும் இன்சுலின் போடுறாங்க. பிரிக்காத இன்சுலின் பேனாக்களைக் குளிர்ல வைக்கணும். "எனக்காக நீங்க போகாம இருக்க வேண்டாம், நான் வீட்டுல இருந்துக்குறேன்"னு அவங்க சொன்னப்போ மனசு கேக்கல. அவங்களைக் கூட்டிட்டுத்தான் போகணும்.

கையில இருக்குற சாமான்: 40 லிட்டர் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ். 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி, லோட் ஷெடிங் சமயத்துல டிவிக்கும் வைஃபைக்கும் வாங்கினது. கொழுந்தனார் கேரவனை வித்தப்போ கழட்டி வெச்சிருந்த விக்ட்ரான் ஸ்மார்ட்சோலார் 75/15 கண்ட்ரோலர் (சோலார் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல நின்னு சார்ஜைக் கட்டுப்படுத்துற பெட்டி). 120 வாட்ஸ் மடக்குப் பேனல் ஒண்ணு. இதே மாதிரி இன்னொண்ணு வாங்கலாமான்னு யோசனை.

கேட்ட இடத்துல எல்லாம் ஆளுக்கொரு பதில். கடையில கேட்டா "இந்தக் கண்ட்ரோலருக்கு 180 வாட்ஸ்தான், மேல போனா எரியும், 30 ஆம்பியர் வாங்குங்க"ங்கறாங்க. வீட்டுக்காரரோட சிநேகிதர் வீட்டு மாடியில மிச்சமான 540 வாட்ஸ் பேனல் ஒண்ணு சும்மா கிடக்கு, "அதைத் தூக்கிட்டுப் போ, பேட்டரி ஒரு மணி நேரத்துல நிறைஞ்சிடும்"ங்கறார். பக்கத்து வீட்டுல "மூணு சின்ன பேனலை வரிசையா மாட்டு"ங்கறாங்க. யார் சொல்றது சரி? 75/15னு எழுதியிருக்கே, அதுல எந்த நம்பரைப் பார்க்கணும்?

ஜூன்ல ஒரு சனி ஞாயிறு டிராக்கன்ஸ்பர்க் மலை அடிவாரத்துல ஒத்திகை மாதிரி தங்கிப் பார்க்கலாம்னு இருக்கோம். அதுக்குள்ள சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.


பைன்டவுன்_ரவி
மே 24, இரவு 10.15

சிஸ்டர், கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. 15 ஆம்பியர் பெருக்கல் 12 வோல்ட், 180 வாட்ஸ். ரெண்டு 120 போட்டா 240. ரிஸ்க் எடுக்காதீங்க, இன்சுலின் விஷயம். 30 ஆம்பியர் கண்ட்ரோலர் வாங்கிடுங்க.


மாரிட்ஸ்பர்க்_வயர்மேன்
மே 25, காலை 5.50

தங்கச்சி, புதுக் கண்ட்ரோலருக்குக் காசு கொடுக்க வேண்டாம். கையில இருக்குறதே போதும். ரவி தம்பி அக்கறையாத்தான் சொல்றார், ஆனா அந்தக் கணக்குல ரெண்டு தப்பு இருக்கு.

முதல்ல அந்த நம்பர். 75ங்கறது வோல்ட். பேனல் பக்கத்துலேர்ந்து உள்ளே வரக்கூடிய அதிகபட்ச வோல்டேஜ் அது. 15ங்கறது ஆம்பியர். பேட்டரி பக்கத்துக்கு அது வெளியே விடுற அதிகபட்சக் கரண்ட். ரெண்டுமே எல்லைதான், ஆனா ரெண்டுக்கும் குணம் வேற. 15 ஆம்பியர் எல்லையை அது தானே பார்த்துக்கும். பேனல்ல எவ்வளவு வெயில் விழுந்தாலும், 15க்கு மேல போற நிலைமை வந்தா பேனல்லேர்ந்து இழுக்குறதைக் குறைச்சுக்கும். கூடுதல் வாட்ஸ் வீணாகும், அவ்வளவுதான், ஒண்ணும் எரியாது. 75 வோல்ட் எல்லையைக் காப்பாத்துறது நம்ம பொறுப்பு. அதைத் தாண்டினா பெட்டி செத்துடும், ரிப்பேர் பண்ற மாதிரியும் இருக்காது.

அதனால வாட்ஸைப் பார்த்துப் பயப்படாதீங்க, வோல்ட்டைப் பார்த்துப் பயப்படுங்க. இருபது வருஷமா வண்டிக்கும் கேரவனுக்கும் வயரிங் பண்றேன். எங்கிட்ட வந்த செத்துப்போன எம்பிபிடி கண்ட்ரோலர்கள்ல (உங்களதும் அந்த ரகம்தான்) பெரும்பாலும் வோல்ட் தாண்டினதுதான். வாட்ஸ் கூடிப்போய்ச் செத்ததை நான் பார்த்ததில்ல.

ரெண்டாவது தப்பு அந்த 12. பேட்டரி மேல 12 வோல்ட்னு எழுதியிருக்கும், ஆனா சார்ஜ் ஏறும்போது லித்தியம் 13.5லேர்ந்து 14.2 வரைக்கும் போகும். 15 ஆம்பியரை 14ஆல பெருக்குங்க, 210. கம்பெனியே 75/15க்கு 12 வோல்ட் பேட்டரியில 220 வாட்ஸ்னு போட்டிருக்கான். உங்க 240 அதைவிட 20தான் கூட. அதுவும் பேனல்ல எழுதியிருக்குற 120ங்கறது சோதனைக்கூடத்துல 25 டிகிரி செல்லுக்கு. வெயில்ல செல் சூடாகி, தூசி படிஞ்சு, கோணம் தப்பி, 95 நூறு கிடைச்சாலே சந்தோஷம். ரெண்டு பேனல் சேர்ந்து 190, 200. உங்க கண்ட்ரோலருக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்.

இப்போ பக்கத்து வீட்டு யோசனை, மூணு பேனல் வரிசை. இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க, ஏன்னா நான் இதுல அடிபட்டவன்.

பேனல் பின்னாடி ஸ்டிக்கர்ல ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ்னு ஒரு நம்பர் இருக்கும், விஓசின்னு சுருக்கி எழுதியிருப்பான். பேனல் எதுலயும் மாட்டாம வெயில்ல கிடந்தா காட்டுற வோல்டேஜ். வரிசையா மாட்டினா, அதாவது ஒண்ணோட பிளஸ்ஸை அடுத்ததோட மைனஸ்ல சேர்த்தா, இது கூடிக்கிட்டே போகும். சில வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட 100 வாட்ஸ் பேனல் மூணு இருந்துச்சு, ஒவ்வொண்ணும் 24.3. மூணும் சேர்ந்தா 72.9. 75க்குள்ளதானே இருக்குன்னு இதே மாதிரி ஒரு கண்ட்ரோலர்ல மாட்டிட்டேன். வித்த கடையிலயும் "சரியாத்தான் இருக்கு, தைரியமா மாட்டுங்க"ன்னாங்க. டிராக்கன்ஸ்பர்க், ஜூலை மாசம், இங்க அது குளிர்காலம். விடியக்காலம் புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி உறைபனி. பேனலையும் துணியால துடைச்சு கிழக்குப் பக்கம் திருப்பி வெச்சேன். குன்றுக்கு மேல சூரியன் வந்து கண்ணாடியில பளிச்சுன்னு அடிச்சுது. கண்ட்ரோலர்ல நீல லைட் ஒரு தடவை மினுங்கி அணைஞ்சது. அப்புறம் அது எரியவே இல்ல. கையை வெச்சுப் பார்த்தா லேசா கருகின வாசனை. மூணு நாளுக்கு வாங்கிட்டுப் போன கறியை எல்லாம் அன்னைக்கே பிரை போட்டு (தணல்ல சுட்டு), பக்கத்து டெண்ட்காரங்களுக்கும் கொடுத்துட்டு வந்தோம். கடையில வாரண்டி கிடையாதுன்னுட்டாங்க.

காரணம் குளிர். பேனல் குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும். 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 சதவீதம். மைனஸ் 4ங்கறது 29 டிகிரி கீழே, அப்போ கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும். 72.9, 79 ஆயிடுச்சு. நம்ம ஊர்ல படிச்சவனுக்கு இது தோணவே தோணாது, திருநெல்வேலியிலயும் மதுரையிலயும் பேனல் மைனஸுக்குப் போகாதே. இங்க மலைப்பக்கம் போறவங்க விஓசியைக் கூட்டி, அதுக்கு மேல 10 சதவீதம் சேர்த்து, அப்பவும் எல்லைக்குள்ள இருக்கான்னு பார்க்கணும்.

அடுத்து அந்த 540 வாட்ஸ் மாடிப் பேனல். உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும், மின்சாரக் கணக்குப்படி அது உங்க 75/15ல மாட்டலாம். அந்த சைஸ் பேனல் விஓசி 49, 50 இருக்கும், குளிர்ல 55. ஷார்ட் சர்க்யூட் கரண்ட், அதாவது பேனல் கொடுக்கக் கூடிய அதிகபட்சக் கரண்ட், 14 ஆம்பியர் கிட்ட. இந்த மாடலுக்குப் பேனல் பக்கத்துலயும் தனியா ஒரு எல்லை உண்டு, அதுவும் 15 ஆம்பியர்தான். ஆனா 540 வராது, 220தான் வரும். ஒரு மணி நேரத்துல பேட்டரி நிறையாது, காலியா இருந்தா ஆறு மணி நேரமாவது ஆகும். அதோட அது ஆளைவிட உயரம், 28 கிலோ எடை, கண்ணாடி. குரூகர் மண் ரோட்டுல அதைக் கட்டிக் கொண்டுபோய், காத்துல நிறுத்தி வைக்குறதெல்லாம் குழந்தைங்க இருக்குற இடத்துல வேண்டாம். வீட்டு மாடியிலயே இருக்கட்டும்.

உங்களுக்கு எவ்வளவு வேணும்னு பார்ப்போம். 40 லிட்டர் ஃப்ரிட்ஜ், ஜூலை, லோவெல்டுல (குரூகர் இருக்குற தாழ்வான பகுதி) பகல் 25 டிகிரி, ராத்திரி நல்லா குளிரும். என் ஃப்ரிட்ஜை ஷண்ட் (கரண்ட் அளக்குற கருவி) வெச்சு அளந்ததுல அந்த மாதிரி நாள்ல 35 ஆம்பியர் அவர் வந்துச்சு. லைட்டு, நாலு போனுக்கு 8, 10. ஆகமொத்தம் 45. வாட்ஸ் அவர் கணக்குல ஒரு நாளைக்கு 580. அங்க ஜூலையில மழை அபூர்வம், முழு வெயிலுக்குச் சமமா நாலரை மணி நேரம் வைக்கலாம், அதுல 70 சதவீதம் கைக்கு வரும்னு வெச்சா 185 வாட்ஸ் பேனல் வேணும். ஒரே 120 பத்தாது, ரெண்டாம் நாள் மூணாம் நாள் பேட்டரி இறங்கிக்கிட்டே வரும். ரெண்டு 120 தாராளம். ஒரு நாள் முழுக்க மேகம் மூடினாலும் 100 ஆம்பியர் அவர் லித்தியம் தாங்கும்.

ரெண்டாவது பேனல் வாங்குறதுக்கு முன்னாடி முதல் பேனலோட ஸ்டிக்கரைப் படிச்சு நம்பர் போடுங்க.


நைட்_ஷிஃப்ட்_அக்கா
மே 25, மதியம் 1.30

டர்பன்ல நர்ஸா இருக்கேன். கரண்ட் கணக்கு எனக்குத் தெரியாது, இன்சுலின் தெரியும். எல்லோரும் சூடு பட்டுடுமேன்னு பயப்படுறீங்க. கேம்ப் ஃப்ரிட்ஜ்ல அதைவிடப் பெரிய ஆபத்து உறைஞ்சு போறது. கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ்ல அடியிலயும் சுவர் ஓரத்துலயும் மைனஸுக்குப் போயிடும். ஒரு தடவை உறைஞ்ச இன்சுலினை உருகவிட்டுப் போடக் கூடாது, பார்க்கத் தெளிவா இருந்தாலும் தூக்கித்தான் போடணும். 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். மேல் கூடையில, ஒரு டப்பாக்குள்ள துணி சுத்தி வைங்கம்மா, பக்கத்துல ஒரு சின்ன தெர்மாமீட்டர். ஃப்ரிட்ஜை 5ல வைங்க.

இப்போ போட்டுக்கிட்டு இருக்குற பேனாவுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம். பெரும்பாலானது நாலு வாரம் வரைக்கும் வெளியே நிழல்ல இருக்கலாம், உங்க பேனாவோட சீட்டுல எத்தனை நாள், எத்தனை டிகிரின்னு இருக்கும், பார்த்துக்கோங்க. வெயில்ல நிக்குற கார்ல மட்டும் விட்டுடாதீங்க. மாமியாரை விட்டுட்டுப் போகாம கூட்டிட்டுப் போறீங்களே, நல்லா இருங்க.


டோங்காட்_மருமகள்
மே 25, இரவு 8.05

அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அத்தைக்குப் படிச்சுக் காமிச்சேன், "அந்த நர்ஸம்மா சொன்னதை எழுதி வெச்சுக்கோ"ன்னாங்க. போன வருஷம் பால் பாக்கெட் அடியில ஐஸ் கட்டியிருந்தது இப்போதான் ஞாபகம் வருது. அப்போ நான் பெருசா நினைக்கல.

ஸ்டிக்கர்ல இருக்குறது: ஓப்பன் சர்க்யூட் 22.3 வோல்ட், ஷார்ட் சர்க்யூட் 7.1 ஆம்பியர். அப்புறம் பேனல் முதுகுல சின்னதா கறுப்பு டப்பா ஒண்ணு ஒட்டியிருக்கு, அதுலேர்ந்துதான் க்ளிப் வயர் வருது. அது என்ன? ரெண்டையும் வரிசையா மாட்டணுமா, பக்கம் பக்கமாவா?


மாரிட்ஸ்பர்க்_வயர்மேன்
மே 26, காலை 5.40

நல்லவேளை கேட்டீங்க. அந்தக் கறுப்பு டப்பாதான் இன்னொரு சார்ஜ் கண்ட்ரோலர். மடக்குப் பேனல்கள்ல ஒரு சின்ன பிடபிள்யூஎம் கண்ட்ரோலரை (எம்பிபிடியைவிட எளிய ரகம்) முதுகுலயே ஒட்டி அனுப்புறாங்க. அதுக்குப் பின்னாடி உங்க 75/15ஐ மாட்டினா ரெண்டும் ஒண்ணையொண்ணு குழப்பும், சரியா சார்ஜ் ஏறாது. டப்பாவுக்குள்ள பேனல்லேர்ந்து போற ரெண்டு வயரைக் கழட்டி, எம்சி4 (சோலார் வயருக்கான பிளக்) கனெக்டர் போட்டு நேரா வெளியே எடுத்துடுங்க. உள்ளூர்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாரும் அரை மணி நேரத்துல செய்து கொடுத்துடுவாங்க. புதுசா வாங்குற பேனல்லயும் இதைக் கவனிங்க.

வரிசையா மாட்டினா 44.6 வோல்ட், 7.1 ஆம்பியர். 10 சதவீதம் சேர்த்தா 49, எல்லைக்கு ரொம்பக் கீழே. பக்கம் பக்கமா, அதாவது பிளஸ்ஸோட பிளஸ், மைனஸோட மைனஸ் சேர்த்து மாட்டினா 22.3 வோல்ட், 14.2 ஆம்பியர். இதுவும் பேனல் பக்கத்து எல்லையான 15க்குள்ளதான், ஆனா வெள்ளை மேகத்தோட ஓரத்துலேர்ந்து வெயில் எட்டிப் பார்க்குறப்போ பேனல் ஸ்டிக்கர் நம்பரைத் தாண்டி ஒரு நிமிஷம் தள்ளும். விளிம்புல நிக்க எனக்குப் பிடிக்காது. நான் வரிசைன்னுதான் சொல்வேன்.

வரிசைக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. ட்செண்ட்சேயில மரம் ஜாஸ்தி. டெண்ட் நிழல்ல இருக்கும், பேனலை வெயில் தேடி பத்து மீட்டர் தள்ளி வைக்க வேண்டி வரும். போய் வர இருபது மீட்டர் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் வயர்ல அந்த நீளத்துக்கு 14 ஆம்பியர் ஓடினா 2 வோல்ட் வழியிலயே போயிடும். 7 ஆம்பியர்னா 1 வோல்ட், அதுவும் ரெண்டு பேனலும் வேலை செய்யும்போது வர்ற 36 வோல்ட்ல 1 வோல்ட், தெரியவே தெரியாது. கண்ட்ரோலர் எப்பவும் பேட்டரி பக்கத்துல, குட்டி வயர்ல. நீள வயர் பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவுல. நிறைய பேர் இதை மாத்திச் செய்துட்டு "சார்ஜே ஏறல"ன்னு வருவாங்க, ஏன்னா வயர் தின்ன வோல்டேஜைக் கண்ட்ரோலர் பேட்டரி வோல்டேஜ்னு நினைச்சு நிறைஞ்சிடுச்சுன்னு நிறுத்திக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: எங்க வெச்சாலும் ஒரு பேனல் மேல கிளை நிழல் விழுந்துக்கிட்டே இருக்குன்னா வரிசை ரெண்டையுமே இழுத்துடும். அப்போ இடத்தை மாத்துங்க, வயர் இருக்கே.

மாட்டுற முறை: முதல்ல பேட்டரி, அப்புறம் பேனல். கழட்டும்போது முதல்ல பேனல், அப்புறம் பேட்டரி. வெயில் அடிக்கும்போது எம்சி4ஐப் பிடுங்காதீங்க, டிசி கரண்ட், தீப்பொறி விடும். பேனலை மடக்கிட்டுக் கழட்டுங்க. பேட்டரி பிளஸ் முனைக்குப் பக்கத்துலயே 20 ஆம்பியர் ஃபியூஸ். கண்ட்ரோலரோட போன் ஆப்ல பேட்டரி வகையை லித்தியம்னு மாத்துங்க, 14.2, 13.5 வோல்ட்னு வரும். கேரவன்ல பழைய ஆசிட் பேட்டரிக்கு வெச்ச செட்டிங் அப்படியே இருக்கும். டிராக்கன்ஸ்பர்க்ல ராத்திரி பேட்டரியை வெளியே விடாதீங்க. லித்தியத்துக்குப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏத்தவே கூடாது. காருக்குள்ள வெச்சு, காலையில அது குளிர் விட்ட பிறகு பேனலை விரிங்க.

கடைசியா ஒண்ணு, இதுதான் நம்ம ஊர்லேர்ந்து வந்த எல்லோரும் தவறுற இடம். பேனல் வடக்கு பார்க்கணும். தமிழ்நாட்டுல மாடிக்கு மாடி தெற்கு பார்த்து வெச்சுப் பார்த்தே பழகின கண்ணு நமக்கு. நான் இங்க வந்த முதல் வருஷம் ரெண்டு நாள் தெற்கு பார்த்து வெச்சுட்டுப் பேனல் கெட்டுப்போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். இங்க வடக்கு பார்த்து நின்னா சூரியன் வலது கையிலேர்ந்து இடது கைக்குப் போகும். மகர ரேகை உங்க கேம்புக்குக் கொஞ்சம் வடக்கே ரோட்டைக் கடக்குது, போர்டு இருக்கு, குழந்தைங்களுக்குக் காட்டுங்க. டிசம்பர்ல அங்க உச்சி வெயில் நேர் தலைக்கு மேல, பேனலைத் தரையில படுக்க வெச்சாலே போதும். ஜூலையில மதியம் பன்னிரண்டுக்கே சூரியன் வடக்கே 45 டிகிரியிலதான் நிக்கும். பேனலும் அதே அளவு சாய்வா எழும்பி நிக்கணும். படுக்க வெச்சா உச்சியிலயே முப்பது சதவீதம் போச்சு.


பைன்டவுன்_ரவி
மே 26, காலை 8.20

அண்ணே, கணக்கைத் திருத்தினதுக்கு நன்றி. நானும் அந்தக் கடைசித் தப்பைத்தான் செய்துட்டு இருக்கேன் போல. பக்கி (பிக்கப் வண்டி) கூரையில 100 வாட்ஸ் பேனல் படுக்க வெச்சு போல்ட் போட்டிருக்கேன், 20 ஆம்பியர் பிடபிள்யூஎம். குளிர்காலத்துல 4 ஆம்பியருக்கு மேல பார்த்ததில்ல. எம்பிபிடி மாத்தினா கூடுமா?


மாரிட்ஸ்பர்க்_வயர்மேன்
மே 26, மாலை 6.10

கொஞ்சம் கூடும். பிடபிள்யூஎம் பேனலைப் பேட்டரி வோல்டேஜுக்கே இழுத்து வெச்சுடும். உங்க பேனல் 18 வோல்ட்ல 5.5 ஆம்பியர் கொடுக்கக் கூடியது, பேட்டரி 13ல இருந்தா 13 பெருக்கல் 5.5, 72 வாட்ஸ்தான் கைக்கு வரும். எம்பிபிடி அந்த மிச்ச வோல்டேஜை ஆம்பியரா மாத்திக் கொடுக்கும். ஆனா உங்க முதல் பிரச்சினை படுக்கை. ஒரே பேனல்தான்னா கண்ட்ரோலருக்குப் போடுற காசுல வெளியே சாய்ச்சு வைக்க ஒரு மடக்குப் பேனல் வாங்குறது மேல். பிடபிள்யூஎம்மும் கெட்ட சாமான் இல்ல தம்பி, 36 செல் (12 வோல்ட் பேட்டரிக்குன்னே செய்த) பேனலோட அழகா ஓடும். மாடிப் பேனலை மட்டும் அதுல மாட்டிடாதீங்க, பாதிக்கு மேல வீண், அதோட சின்ன பிடபிள்யூஎம் பலதுக்கு 50 வோல்ட்தான் எல்லை.


டோங்காட்_மருமகள்
ஜூலை 16, இரவு 9.15

வந்து சேர்ந்துட்டோம். துணி துவைக்கிறது இன்னும் முடியல, ஆனா இதை எழுதாம தூங்க முடியாது.

ஜூன் ஒத்திகை: டிராக்கன்ஸ்பர்க்ல காலையில தண்ணி வாளியில மேலே மெல்லிசா ஐஸ் தகடு. ஏழரைக்குப் பேனலை விரிச்சோம். ஆப்ல அன்னைக்கான அதிகபட்சப் பேனல் வோல்டேஜ் 47.1னு பதிஞ்சிருந்தது. 44.6லேர்ந்து 47.1. அண்ணன் சொன்னது கண்ணு முன்னாடி நம்பரா நின்னப்போ உடம்பு சிலிர்த்துது. மூணு பேனல் மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு வீட்டுக்காரருக்கும் காட்டினேன்.

ட்செண்ட்சேக்கு பலபோர்வா கேட் வழியாப் போனோம். சாயங்காலம் போய்ச் சேர்ந்ததால மறுநாள் காலையிலதான் பேனல் வெச்சது. மாமனார் ஆசையா எழுந்து எங்களுக்கு முன்னாடியே வெச்சுட்டார். ஒன்பதரைக்கு ஆப்பைத் திறந்தா 3.8 ஆம்பியர். வயரெல்லாம் சரி. வெளியே போய்ப் பார்த்தா பேனல் ஆத்துப் பக்கம் பார்த்து நிக்குது, வெயில் அதோட முதுகுல அடிக்குது. மாமா இந்த ஊர்லயே பிறந்தவர், வடக்கு தெற்கு அவருக்குத் தெரியாம இல்ல. யானை வந்தா பேனலைப் பார்க்கக் கூடாதுன்னு திருப்பி வெச்சாராம். நான் அப்படியே சுத்தி வடக்கு பார்க்க வெச்சு, காலை விரிச்சு நிமிர்த்தினேன். நம்பர் 3.8, 6, 9ன்னு ஏறி 10.6ல நின்னுது. மதியம் 13.7 வரைக்கும் போச்சு. 15ஐ ஒரு நாளும் தொடல.

தினமும் ஒரு மணி, ஒன்றரைக்குள்ள ஃப்ளோட் (பேட்டரி நிறைஞ்ச நிலை) வந்துடும். நாளுக்கு 560லேர்ந்து 630 வாட்ஸ் அவர் வரைக்கும் பதிஞ்சிருக்கு. மூணாம் நாள் மட்டும் காலையில மேகம், 410. அன்னைக்குச் சாயங்காலம் குழந்தைங்க போனைப் பிடுங்கி வெச்சுட்டேன், ஃப்ரிட்ஜுக்குக் குறையில்ல. விடியக்காலம் பேட்டரி 13.1க்குக் கீழே இறங்கவே இல்ல.

அக்கா, தெர்மாமீட்டர் மேல் கூடையில 4லேர்ந்து 6க்குள்ளயே இருந்துச்சு. ஒரு நாள் சும்மா அடியில வெச்சுப் பார்த்தேன், மைனஸ் 1. நீங்க சொல்லலைன்னா பேனாக்களை அடியிலதான் பத்திரமா வெச்சிருப்பேன். அத்தை தினமும் ராத்திரி தானே எழுந்துபோய் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சு நம்பரைப் படிச்சுட்டு வந்து "அஞ்சு"ன்னு சொல்லிட்டுப் படுப்பாங்க.

மகர ரேகை போர்டு பக்கத்துல எல்லோரும் நின்னு போட்டோ எடுத்தோம்.

அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். குரங்கு ஒண்ணு வந்து பேனல் வயரை இழுத்ததுல ஒரு எம்சி4ஓட பூட்டு நாக்கு உடைஞ்சிருக்கு. மாட்டினா நிக்குது, ஆனா கையால இழுத்தா வந்துடுது. டேப் சுத்தி வெச்சா போதுமா?


மாரிட்ஸ்பர்க்_வயர்மேன்
ஜூலை 17, காலை 5.45

டேப் வேண்டாம் தங்கச்சி. பாதி கழண்டு நிக்குற எம்சி4 உள்ளே பொறி விட்டு உருகும். கனெக்டரையே வெட்டிட்டுப் புதுசு போடுங்க, ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியா இருக்கட்டும், சும்மா குறட்டுல நசுக்காம அதுக்குரிய கிரிம்பர்லயே அழுத்தச் சொல்லுங்க. போட்டதும் நல்லா இழுத்துப் பாருங்க. வராம நின்னா சரி.

மாமாகிட்ட சொல்லுங்க, யானைக்குப் பேனல்மேல ஆசை இல்ல, ஆரஞ்சுப் பழம்தான். அதை வண்டிக்குள்ள பூட்டி வெச்சா போதும்.